இரண்டாம் வயலின்

மார்ச் 3

வயலினின் மேல்பலகை விளிம்பில் ஒட்டு விட்டுவிட்டது. விரல் கணுவால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால், தாடைக்கட்டைக்குப் பக்கத்தில் மட்டும் ஒலி தளர்ந்து சலசலக்கிறது. விலங்குப் பசையை இதற்காகத்தான் வைக்கிறார்கள். மரம் உப்பிச் சுருங்கும்போது பசை முதலில் விட்டுக்கொடுக்காவிட்டால் பலகையே பிளந்துவிடும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவின் புழுக்கத்திலிருந்து குளிரூட்டிய பயிற்சி அறைக்கும், அங்கிருந்து அப்பா படுத்திருக்கும் வார்டுக்கும் தினமும் வயலினைச் சுமந்து அலைந்தவள் நான்தான்.

மார்ச் 4

கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

மார்ச் 6

இரவல் வயலினில் ஒத்திகை. பீத்தோவனின் ஏ மைனர் நால்வர்-இசை, ஓபஸ் 132, மூன்றாம் பகுதி. மிக மெதுவாகச் செல்லும் அந்த இசையில் ஒரு சுரம் பிசகினாலும் ஒளித்துவைக்க இடமில்லை. எஃப் மேஜர் சுரக்கூட்டில் ஏ என் கையில் வரும்போது, பியானோவில் கேட்பதைவிட நூலிழை தாழ்த்திப் பிடித்தால்தான் நான்கு வாத்தியங்களும் ஒன்றாக அடங்குகின்றன. எஃப்பை சட்ஜமாக வைத்தால் அது அந்தர காந்தாரம். தம்பூராவின் சட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழுமே, அதே காந்தாரம். ஏழு வயதில் அப்பா என் காதைத் தம்பூராவின் குடத்தில் சாய்த்து, அது கேட்கும்வரை எழுந்திருக்க விடவில்லை. இன்று இருபது முறையாவது பிடித்துப் பார்த்திருப்பேன். இரண்டு முறை அமைந்தது.

மார்ச் 9

அப்பாவின் காதில் அந்தப் பகுதியை ஒலிக்கவிட்டேன். வலக்கை போர்வைமேல் அப்படியே கிடக்க, இடக்கை விரல்கள் மட்டும் துணியை அழுத்தி ஏறி இறங்கின. வெகு நேரம் கழித்து, "கல்யாணிதானே மா?" என்றார். ஆம், லிடியன் என்று அவர்கள் சொல்வது நம் கல்யாணியின் ஏழு சுரங்கள்தான். சுரத்தை அசைக்கும் கமகமே இல்லாமல் ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டார். 1825இல் கடும் நோயிலிருந்து மீண்டவர் பீத்தோவன், இறைவனுக்கு நன்றியாக எழுதியது அது என்று சொல்ல வாயெடுத்தேன். மீண்டவர் என்ற சொல்லை அந்தக் கட்டிலருகே உச்சரிக்க முடியவில்லை.

மார்ச் 10

பசை இன்னும் உலரவில்லையாம்.

மார்ச் 12

வயலின் வந்துவிட்டது. தட்டினேன், எங்கும் ஒரே ஒலி.

இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பில்ஹார்மோனிக் அரங்குக்கு என்னை முதன்முதலில் அழைத்துப்போனவர் அப்பாதான். நான் தனி வயலின் கலைஞரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ இரண்டாம் வயலின் வரிசையைக் காட்டி, "அவர்களைக் கேள், அவர்கள் நடுவில் இல்லாவிட்டால் மேலே இருப்பது நிற்காது" என்றார். நான் இரண்டாம் வயலினைத் தேர்ந்தபோது ஆசிரியர்கள் பலர் வருந்தினார்கள், அவர் வருந்தவில்லை. இப்போது அந்த நாற்காலிதான் கடல் கடந்து அழைக்கிறது. இருபதாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம்.

மார்ச் 14

காந்தாரம் இன்று முதல் முயற்சியிலேயே அமைந்தது. செல்லோ வாசிப்பவர் வில்லை எடுக்காமல் அப்படியே நீட்டினார், நாங்களும் நீட்டினோம்.

வார்டுக்குள் வயலினைக் கொண்டுவரலாமா என்று தாதியிடம் கேட்டேன். நாளை இரண்டு மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்.