ஜீரோஎம்க்யூவில் ஃப்ளோ நிரலாக்கம்: நிரம்பினால் நிற்க வேண்டும்

ஐபிஎம் கனடாவில் இருந்த ஜே. பால் மாரிசன் 1970 வாக்கில் உருவாக்கிய ஃப்ளோ-பேஸ்டு புரோகிராமிங்கை (தனித்தனிப் பாகங்களை இணைத்து, தரவை அவற்றின் வழியே ஓடவிடும் முறை), ஜீரோஎம்க்யூ என்ற செய்தி அனுப்பும் நூலகத்தின் மேல் பைத்தானில் கட்டிப் பார்க்கிறேன். இந்த முறையில் இறங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தந்திப் பயிற்சியையே எடுத்தேன். ஒரு பாகம் கோப்பிலிருந்து வரிகளைப் படிக்கும், அடுத்தது சொற்களாகப் பிரிக்கும், மூன்றாவது அவற்றை வேறு நீள வரிகளாகச் சேர்க்கும். பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது எந்தப் பாகத்துக்கும் தெரியாது.

பாகங்களை எழுதுவது சுலபம். இந்த முறையின் உயிர் இணைப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் கொள்ளளவு உண்டு. நிரம்பினால் அனுப்புகிறவர் நின்றுவிட வேண்டும். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் நினைவகம் வீங்காமல் இருப்பது இதனால்தான்.

ஜீரோஎம்க்யூவில் இதற்கு நெருக்கமானது ஹை வாட்டர் மார்க், அதாவது வரிசையில் காத்திருக்கக்கூடிய செய்திகளின் எல்லை. நாம் மாற்றாவிட்டால் 1000 செய்தி. எல்லை வந்ததும், வேலையைத் தள்ளிவிடும் புஷ் சாக்கெட் (சாக்கெட் என்பது செய்தி போய்வரும் முனை) காத்திருக்கும். சந்தாதாரர் எல்லோருக்கும் ஒலிபரப்பும் பப் சாக்கெட்டோ செய்தியைக் கைவிட்டுவிடும். ஒரு சொல் போனாலும் தந்தி பாழ் என்பதால் பப்-சப்பை ஒதுக்கிவிட்டேன்.

இரு பக்கமும் எல்லையை 1 என்று வைத்து, நடுப்பாகத்தை வரிக்கு ஒரு விநாடி தூங்கவிட்டேன். டிசிபி என்ற நெட்வொர்க் இணைப்பில், படிக்கும் பாகம் நிற்கவே இல்லை. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டது. வரிகள் சிறியவை, இயங்குதளத்தின் மையமான கர்னலின் சாக்கெட் பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) அத்தனையையும் விழுங்கிக்கொள்கிறது. ஹை வாட்டர் மார்க்கின் கணக்கில் அந்த பஃபர் சேராது. அதையே ஒரே ப்ராசஸுக்குள் த்ரெட்களாக்கி ப்ராசஸுக்குள் மட்டும் இயங்கும் இன்ப்ராக் வழியாக ஓட்டினால், இரு பக்க எல்லையும் கூடிய அளவில் சரியாக நிற்கிறது.

ஆனால் பாகங்கள் தனித்தனி ப்ராசஸாக இருப்பதுதான் எனக்கு வேண்டும். ஒன்றை நிறுத்தி வேறு மொழியில் எழுதியதை அங்கே மாட்ட முடிகிற சுகத்தை விட மனமில்லை. அதனால் இரு பக்கமும் இரு திசையிலும் செய்தி அனுப்பக்கூடிய டீலர் சாக்கெட்டுக்கு மாறி, வாங்குகிறவரே “ஐந்துக்கு இடமிருக்கிறது” என்று முன்கூட்டியே சொல்லும்படி வைத்தேன். இப்போது படிக்கும் பாகம் ஐந்து வரி அனுப்பி நிற்கிறது. நடுப்பாகம் ஒன்றை முடித்துச் சொன்னதும் ஆறாவது வரி கிளம்புகிறது. லாக்கில் அதைப் பார்க்க அவ்வளவு திருப்தி.

அப்புறம் முடிவு. மாரிசன் முறையில் அனுப்புகிறவர் முடித்ததும் இணைப்பு மூடிக்கொள்ளும், அடுத்தவருக்குத் தெரிந்துவிடும். ஜீரோஎம்க்யூவின் சாதாரண வாசிப்பில் அந்தத் தகவல் வராது. எனவே ஒவ்வொரு செய்தியையும் இரண்டு ஃபிரேமாக (துண்டாக) ஆக்கினேன்: முதலில் வகை, பிறகு உள்ளடக்கம். “முடிந்தது” என்ற வகை வந்தால், சேர்க்கும் பாகம் கையிலிருக்கும் அரை வரியையும் எழுதிவிட்டே மூடுகிறது.