ஆறு பேர் புழங்கும் கணினிக்குத் தானியங்கி பேக்கப்: ஆர்சிங்க் வைத்துச் செய்து பார்த்தது

டெபியன் (லினக்ஸ் வகை) கணினி. ஆறு பயனர் கணக்குகள், ஹோம் கோப்புறையில் சுமார் 300 ஜிபி. பேக்கப்புக்கு 2 டிபி வெளி டிஸ்க். கோப்புகளை நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க்கின் லிங்க்-டெஸ்ட் ஆப்ஷனில் முந்தைய நாள் பிரதியைக் காட்டினால், மாறாத கோப்புகளுக்கு ஹார்ட் லிங்க் (அதே தரவுக்கு இன்னொரு பெயர்) மட்டும் போடும். தேதிவாரியான ஒவ்வொரு கோப்புறையும் முழுப் பிரதியாகவே தெரியும். புதிதாக இடம் பிடிப்பவை பெரும்பாலும் மாறிய கோப்புகள்தான்.

டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் வந்தது. அப்படியே பயன்படுத்த முடியவில்லை. அதில் ஹார்ட் லிங்க் கிடையாது, கோப்பு யாருடையது என்ற பதிவும் நிற்காது. பலர் புழங்கும் கணினியில் அந்தப் பதிவு போனால் பேக்கப்பில் பாதி போன மாதிரி. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்து, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கில்) ஓட்டியதும் சரியானது. ஆர்சிங்க்கின் சின்ன ‘ஏ’ (-a) ஆப்ஷன் எல்லாவற்றையும் காப்பாற்றாது. ஏசிஎல்லுக்கு (யாருக்கு என்ன அனுமதி என்ற கூடுதல் பட்டியல்) பெரிய ‘ஏ’, கூடுதல் பண்புகளுக்குப் பெரிய ‘எக்ஸ்’, ஏற்கெனவே உள்ள ஹார்ட் லிங்க்குகளுக்குப் பெரிய ‘எச்’ என்று தனித்தனியே கொடுக்க வேண்டும்.

இரண்டாம் இரவு மறுபடி 300 ஜிபியும் நகலானது. லிங்க்-டெஸ்ட்டுக்குக் கொடுத்த சார்புப் பாதைதான் (முழு முகவரி இல்லாமல் ஓர் இடத்திலிருந்து சொல்லும் பாதை) காரணம். பேக்கப் ஸ்கிரிப்ட் நிற்கும் இடத்திலிருந்து அல்ல, பிரதி போய்ச் சேரும் கோப்புறையிலிருந்து ஆர்சிங்க் அதைக் கணக்கிடுகிறது. பாதை தப்பினால் ஓர் எச்சரிக்கை வரியோடு வேலையைத் தொடர்ந்துவிடும். முழுப் பாதை கொடுப்பதே நல்லது.

கணினி அணைந்திருந்த இரவுகளை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமருக்கு மாற்றி, பெர்சிஸ்டன்ட்டை ட்ரூ என்று வைத்தாயிற்று. தவறிய வேலை அடுத்த முறை கணினி எழுந்ததும் ஓடுகிறது. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா (அதற்கான கோப்புறையில் இணைந்திருக்கிறதா) என்ற சோதனை கட்டாயம். இல்லாவிட்டால் வெறும் மவுண்ட் கோப்புறையில் எழுதி எழுதி கணினியின் ரூட் (முதன்மை) பார்ட்டிஷன் நிரம்பிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு ஓடாமலிருக்க எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளை.

இரவிலும் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால், நகலெடுப்பதற்குள் சில கோப்புகள் மறைந்து, ஆர்சிங்க் முடிவில் தரும் வெளியேறும் எண் 24 ஆக வரும். அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்ளலாம். 23 (பிழையால் சில நகலாகவில்லை) வந்தால் பதிவுக் கோப்பைப் பார்த்தே ஆக வேண்டும். நகல் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதப்படுகிறது. முடிந்த பிறகே தேதிப் பெயர் பெறுகிறது.

பேக்கப் கோப்புறைக்கு அனுமதி 700 (உரிமையாளர் மட்டுமே திறக்கலாம்), உரிமையாளர் ரூட். ஏனென்றால், நேற்று எல்லாருக்கும் திறந்திருந்த கோப்பை உரியவர் இன்று பூட்டினாலும், பழைய பிரதியில் அது திறந்தேதான் கிடக்கும்.

அடுத்து, தரவுத்தளத்தை ஆர்சிங்க்குக்கு முன்பே டம்ப் (உள்ளடக்கத்தை ஒரு கோப்பாக) எடுக்கும் வரியைச் சேர்க்க வேண்டும்.