விடுதலைக்குப் பிறகு வந்த அப்பீல்

தம்பி மீதான கஞ்சா வழக்கில் தீர்ப்புக்கு முன்பே ஒரு ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கினார்கள். மேல்கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால் ஆஜராவேன் என்ற பத்திரம். ஆறு மாதம்தான் செல்லும். தீர்ப்பில் தம்பி விடுதலையானான். அந்த ஆறு மாதம் தாண்டி, விடுதலையை எதிர்த்து அரசு போட்ட அப்பீலுக்கான நோட்டீஸ் ஹைகோர்ட்டிலிருந்து வந்தது.

அரசுக்கு இதில் 90 நாள் கெடு உண்டு. ஹைகோர்ட்டின் அனுமதியும் வேண்டும். எங்கள் வழக்கில் தாமதத்தை மன்னித்து அனுமதியும் கொடுத்தாகிவிட்டது. ஆஜராகாவிட்டால் பிடிவாரண்ட் வரலாம் என்பதால் உடனே வக்காலத்து போட்டோம்.

அப்பீலில் பொதுவாகப் புது சாட்சி கிடையாது. கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியமும் ஆவணமும்தான். சாட்சியங்களின் சான்றிட்ட நகல் வாங்கி வக்கீலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் சொன்னது வயிற்றைக் கலக்கியது.

விடுதலைக்கு முதல் காரணமாகக் கீழ்க்கோர்ட் சொன்னது, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-வது பிரிவை மீறிவிட்டார்கள் என்பது. சோதனைக்கு முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை உண்டென்று சொல்லியாக வேண்டும். ஆனால் அது உடல் சோதனைக்குத்தான். கையில் வைத்திருக்கும் பையைச் சோதிப்பதற்குப் பொருந்தாதென்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. தம்பி வழக்கில் கஞ்சா பையில் இருந்ததாகத்தான் மகஜர் (போலீஸ் கைப்பற்றியதை எழுதும் பதிவு) சொல்கிறது. அரசு வழக்கறிஞரும் அதையே பிடித்துக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் அவர் வாதம் சரி.

எங்களுக்குக் கைகொடுத்தது இரண்டாவது காரணம். பிடித்த இடத்திலேயே சீல் வைத்ததாக மகஜர். குறுக்கு விசாரணையில் எஸ்.ஐ., "ஸ்டேஷனுக்கு வந்த பிறகு சீல் வைத்தேன்" என்கிறார். மாதிரி எடுத்தபோது மாஜிஸ்திரேட்டும் இல்லை. மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 52ஏ பிரிவு. அப்படியானால் லேபுக்குப் போனது அதே பொட்டலம்தான் என்று யார் சொல்வது? எஸ்.ஐ. சொன்ன அந்த ஒரு வரியை வக்கீல், வழக்கு ஆவணங்களைத் தொகுத்த டைப் செட்டில் கொட்டை எழுத்தில் குறித்து வைத்திருந்தார்.

பொருள் கையில் இருந்தாலே குற்றவாளி என்று ஊகிக்கலாம் என அதே சட்டத்தின் 35, 54 பிரிவுகளையும் அரசுத் தரப்பு எடுத்தது. முதலில் கைப்பற்றியதை நிரூபியுங்கள், ஊகம் அப்புறம் என்றார் எங்கள் வக்கீல். கூடவே சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-ல் கொடுத்த தீர்ப்பையும் காட்டினார்: சாட்சியத்தில் இரண்டு முடிவுக்கு இடமிருந்தால், கீழ்க்கோர்ட் கொடுத்த விடுதலையில் கை வைக்கக் கூடாது.

50-வது பிரிவில் கீழ்க்கோர்ட் சொன்னதை ஹைகோர்ட் ஏற்கவில்லை. சீல் விஷயத்தில் ஏற்று, அப்பீலைத் தள்ளுபடி செய்தது. அரசு உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம் என்பதால் ஃபைலை மட்டும் பத்திரமாக வைக்கச் சொன்னார் வக்கீல். இதுவரை போகவில்லை.