உம்மா தந்த கிட்னியும் பன்னிரண்டு மணி நேரக் கணக்கும்

கிட்னி மாற்றி ஊர் திரும்பியதும் என்னைப் பார்க்க வந்த மாமி கேட்டார்: "பெத்த உம்மாவோட கிட்னிதானே வாப்பா, அதை உன் உடம்பு எப்படித் தள்ளும்? எதுக்கு இத்தனை மாத்திரை?" கீழக்கரையில் இதைக் கேட்காத சொந்தக்காரர்கள் குறைவு.

மதுரை டாக்டர் எனக்குச் சொன்னதையே மாமிக்கும் சொன்னேன். திசு அடையாளங்களில் பாதி உம்மாவிடமிருந்து வருகிறது, மறுபாதி வாப்பாவிடமிருந்து. அதனால் உம்மாவின் கிட்னியிலும் என் உடம்புக்கு அந்நியமான ஒரு பாதி இருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைக் கண்டுகொண்டால் கிருமியைத் தாக்குவதுபோலத் தாக்கிவிடும். 1954-ல் பாஸ்டனில் வைத்த சிறுநீரகம் நிலைத்தது என்றால், கொடுத்தவரும் வாங்கியவரும் அச்சு அசலான இரட்டையர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தத் தாக்குதலை அடக்கி வைக்கிற மாத்திரைதான் கதி, அதுவும் கிட்னி வேலை செய்கிற காலம் முழுக்க.

எனக்கு மூன்று: டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன். கடைசியாகச் சொன்னது ஸ்டீராய்டு. முதல் மாதங்களில் முகம் உப்பி, நடுராத்திரியில்கூடப் பசித்தது. அளவைக் குறைக்கக் குறைக்கச் சரியானது. மைக்கோஃபினோலேட் வயிற்றைக் கொஞ்சம் படுத்தியது. பெரும்பாடு டாக்ரோலிமஸோடுதான். ஜப்பானில் சுகுபா என்ற ஊரின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1984-ல் கண்டெடுத்த மருந்து அது. ரத்தத்தில் அதன் அளவு இறங்கினால் உடம்பு கிட்னியைத் தள்ளும்; ஏறினால் மருந்தே கிட்னியைக் கெடுக்கும். அதனால்தான் லெவல் டெஸ்ட். முதல் மூன்று மாதம் ஒரு மில்லி ரத்தத்தில் 8-லிருந்து 12 நானோகிராமுக்குள் வைத்திருந்து, பிறகு படிப்படியாக இறக்கினார்கள்.

அந்த டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம். முந்தின இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், காலை மாத்திரை போட்டிருக்கக் கூடாது. கீழக்கரையிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை போடுகிறவன் எத்தனை மணிக்குப் பஸ் ஏறுவது? டாக்டரிடம் கேட்டு என் நேரத்தையே ஒன்பதுக்கு மாற்றிக்கொண்டேன். சுபுஹு பாங்குக்கு முன்னால் கிளம்பி, மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த கையோடு முழுங்குவேன். தூரத்தில் இருக்கிறவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே இதைப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

நான் சங்குக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு மழைக்காலத்தில் இருமல் விடாமல் பிடித்தது. பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் என் மாத்திரைப் பட்டியலைக் காட்டித்தான் மருந்து கேட்டேன். கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார்கள். சில நாளில் பேனா பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது. பேரேட்டில் 8 போட்டால் மேல் வட்டமும் கீழ் வட்டமும் ஒட்டவில்லை. 1 போட்டால் அது புழுவாக நெளிந்தது. காக்காதான் (அண்ணன்) நோட்டைப் பார்த்துவிட்டு, "உடனே மதுரைக்குப் போன் போடு" என்றார். ரத்தத்தில் லெவல் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது, கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினும் கூடியிருந்தது. ஈரலில் டாக்ரோலிமஸை உடைக்கிற வேலையை அந்த ஆன்டிபயாட்டிக் தடுத்துவிடுமாம். அதை நிறுத்தி, டாக்ரோலிமஸ் அளவையும் குறைத்த பிறகு எண்கள் மெதுவாக இறங்கின. பட்டியலைப் பார்த்தும் அப்படி எழுதினார்களே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. பூஞ்சைக்குக் கொடுக்கிற ஃப்ளுகோனசோலும் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிராக இறக்கிவிடும். பம்ப்ளிமாஸ் பழம் கூடாது. மூட்டுவலி மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் மாற்று அறுவை செய்த டாக்டரிடம் கேட்காமல் வாயில் வைப்பதில்லை.

கடற்கரை ஊரில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. மீன், நண்டு, கணவாய் எல்லாம் சாப்பிடுகிறேன், நன்றாக வெந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் மட்டும் கொதித்து ஆறியது. உம்மா தன் கிட்னியைக் கொடுத்த பிறகும் எனக்காக விடியற்காலையில் எழுந்து தண்ணீர் காய்ச்சுகிறார். லாத்தா (அக்கா) எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

நோன்புதான் மனசுக்குக் கஷ்டம். சஹரிலிருந்து இஃப்தார் வரை நம் ஊரில் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. பன்னிரண்டு மணிக் கணக்கு தவறுவதோடு, தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் புதுக் கிட்னிக்கு ஆகாது. முதல் வருஷம் வேண்டவே வேண்டாம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்வாராம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். தீராத நோய் உள்ளவர் நோன்பை விட்டதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பள்ளிவாசல் ஹஜரத் சொன்ன பிறகுதான் உம்மாவும் சமாதானமானார்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் புயல் எச்சரிக்கையும் வரும், பஸ் நிற்கும். அதனால் இரண்டு வாரத்துக்கான மாத்திரையைக் கையிருப்பாக எப்போதும் வைத்திருக்கிறேன். வாங்கும்போது அட்டையில் பழைய பிராண்ட்தானா, மில்லிகிராம் சரிதானா என்று கடையிலேயே நின்று பாருங்கள். "அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேற" என்றால் வாங்குவதற்கு முன் டாக்டருக்குப் போன் போடுங்கள். அவர் சரியென்று சொல்லி மாற்றினாலும், எப்போது லெவல் பார்க்க வர வேண்டும் என்று அந்தப் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.