அங்க மழையா?

சித்தி மகன் சிங்கப்பூரில் ஒரு தமிழ் ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். பத்து நாள் அவன் வீட்டில்தான் தங்கினேன். போன இரண்டாம் நாளே, “அக்கா, ஜாமிங் இருக்கு, வர்றீங்களா?” என்று அவர்கள் சேர்ந்து வாசித்துப் பார்க்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சின்ன அறை. கிட்டார் இருவர், பேஸ் ஒருவர், பாடகி, அப்புறம் இவன். மூன்று வாரமாக அவர்களிடம் மெட்டு ஒன்று இருந்தது, வார்த்தைதான் இல்லை. ராக் பாட்டு பெரும்பாலும் நாலு நாலாக நடக்கும். இந்த மெட்டோ த-க-த-கி-ட என்று ஐந்து ஐந்தாக ஓடியது. நம் பக்கம் கண்ட நடை என்போம். பாடகி தத்தகாரத்திலேயே பாடிக்கொண்டிருந்தாள். சினிமாவில் மெட்டைக் கொடுத்துக் கவிஞரிடம் வார்த்தை கேட்பார்களே, அதே வேலைதான். விடியல், நெருப்பு, புரட்சி எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. எனக்கும் அவை எங்கிருந்தோ கடன் வாங்கி வந்தவையாகவே பட்டன.

கிட்டார் வாசிக்கும் பையன், டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கதையைச் சொன்னான். 1971 டிசம்பரில் ஆல்பம் பதிவு செய்ய சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோவுக்குப் போயிருக்கிறார்கள். பதிவுக்கு ஏற்பாடாகியிருந்த சூதாட்ட விடுதி, அங்கே வேறொரு கச்சேரி நடக்கும்போதே தீப்பிடித்து எரிந்துவிட்டது. ஏரி மேல் படர்ந்த புகையைப் பார்த்தார்கள், அதையே பாட்டாக்கினார்கள். “கண்ணால பார்த்ததைத்தான்கா எழுதினாங்க” என்றான். அவன் குரலில் ஏக்கம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்குச் சாப்பிடப் போனோம். அங்கே இருக்கும் பஃபலோ ரோடு (எருமைச் சாலை) என்ற பெயரே அந்தக் காலத்து மாட்டு வியாபாரத்தின் மிச்சம். இன்று அங்கே பூக்கடை, காய்கறிக்கடை, விடுமுறைக்கு வந்த தொழிலாளர் கூட்டம். பரோட்டாவும் தே ஹாலியாவும் வாங்கி உட்கார்ந்தோம். தே ஹாலியா நம் இஞ்சி டீதான், காரம் மட்டும் தொண்டை வரை இறங்கும். திடீரென்று இடி. சிங்கப்பூர் மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது, வாளியோடு கவிழ்த்த மாதிரி கொட்டும்.

எங்களுக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து ஒரு தொழிலாளி போன் பேசிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சத்தமாகக் கேட்டார்: “அங்க மழையா?” பதில் வந்திருக்க வேண்டும். “இங்க கொட்டுது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நெல்லை உள்ள எடுத்தாச்சா?”

பாடகியின் கையில் பரோட்டாத் துண்டு அப்படியே நின்றது. தம்பி மேசையில் விரலால் தட்ட ஆரம்பித்தான். த, க, த, கி, ட. அங், க, ம, ழை, யா. கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் முணுமுணுத்தாள், பிறகு வாய்விட்டுப் பாடினாள். போனை எடுத்துப் பதிவு செய்தாள். அந்தப் பதிவில் தட்டுச் சத்தமும் மழையும் சேர்ந்தே இருக்கின்றன. எனக்குக் கை சிலிர்த்துவிட்டது. மூன்று வாரம் தேடியதை ஒருவர் தன் வீட்டு நெல்லைப் பற்றிய கவலையில் சொல்லிவிட்டார்!

மறுநாள் ஜாமிங்கில் பல்லவி முழுதாக வந்தது. டிரம்ஸ் சத்தத்தைக் குறைத்து, அந்தக் கேள்விக்குப் பின் இரண்டு சுற்று யாரும் எதுவும் வாசிக்காமல் விட்டார்கள். எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் அது. எனக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்தது.

அடுத்த ஞாயிறும் தேக்காவுக்குப் போனோம். அந்தத் தொழிலாளிதான் பாட்டை முதலில் கேட்க வேண்டும் என்று பாடகி சொல்லிவிட்டாள். தூணருகே வெகுநேரம் நின்றோம், அவர் வரவில்லை. நான் ஊர் திரும்பிவிட்டேன். தம்பி ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறான்.