மாமாவின் காலும் கினீசினும்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

திருவனந்தபுரத்தில் கொடுத்த மரபணுச் சோதனையின் முடிவு வந்துவிட்டது. மாமாவுக்கு கிஃப்-5ஏ என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. நோயின் பெயர் பரம்பரை ஸ்பாஸ்டிக் பாராப்ளீஜியா, கால்கள் மெல்ல மெல்ல விறைத்து வலுவிழக்கும் பரம்பரை நரம்பு நோய். அதில் எஸ்.பி.ஜி.10 என்ற வகை. முட்டி மடங்காமல், பெருவிரல் தரையில் உரச நடக்கும் அந்த நடைக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு சரியான காரணம் கிடைத்திருக்கிறது. முன்பு பார்த்த ஓர் இடத்தில் டிஸ்க் என்று சொல்லி பெல்ட் போட்டார்கள், ஊசி போட்டார்கள். ஊரில் உள்ளவர்களோ, விடியுமுன் ஈரத்தில் நின்று ரப்பர் வெட்டியதால் வந்தது என்றார்கள். ஆச்சிக்கும் கடைசிக் காலத்தில் இதே நடைதான். ஆச்சி ரப்பர் தோட்டத்துக்குள் கால் வைத்ததே இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நரம்பு செல் படம் வரையும்போது, அதிலிருந்து நீளும் ஆக்ஸான் என்ற இழையை இரண்டு விரற்கடை நீளத்துக்குப் போட்டு முடித்துவிடுகிறோம். உண்மையில் மூளையின் மேற்பட்டையில் இருக்கும் ஒரு செல்லின் ஆக்ஸான் முதுகுத் தண்டுவடத்தின் இடுப்புப் பகுதி வரை இறங்குகிறது. அரை மீட்டருக்கும் மேல். செல்லுக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி மேலே, உட்கருவை ஒட்டியே தயாராகிறது. அது தானாகப் பரவி அடிமுனைக்கு வந்து சேர்வதென்றால் ஓர் ஆயுள் போதாது. அதனால் சுமந்துகொண்டு போக ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள்தான் கினீசின் என்ற மோட்டார் புரதம். கிஃப்-5ஏ நரம்பு செல்களுக்கென்றே உள்ள ஒரு கினீசினைத் தயாரிக்கச் சொல்லும் மரபணு.

ஆக்ஸானுக்குள் நீளவாக்கில் நுண்குழல்கள் ஓடுகின்றன, புரதத்தாலான தண்டவாளம் மாதிரி. கினீசினுக்கு இரண்டு தலை, ஒரு தண்டு, ஒரு வால். வால் பக்கம் சரக்கைப் பிடித்துக்கொள்ள, தலைகள் இரண்டும் மாறி மாறி நுண்குழலைப் பற்றி முன்னேறுகின்றன. எடுத்து வைக்கும் ஓர் அடிக்கு 8 நானோமீட்டர், ஓர் அடிக்கு ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு செலவு; செல்லுக்கு எரிபொருள் அதுதான். அரை மீட்டர் போக ஆறு கோடி அடிக்கும் மேல் வைக்க வேண்டும். தனியாக ஒரு கினீசின் ஏறக்குறைய நூறு அடி எடுத்து வைத்ததும் கழன்றுவிடும். அதனால் ஒரே பொதியில் பல கினீசின்கள் ஒட்டியிருக்கும், ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்கும். இப்படி வேகமாகப் போகும் சரக்கு நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர் தூரம் போகிறது. திரும்பி மேலே வருவதற்கு டைனீன் என்ற வேறொரு மோட்டார். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதை மேலே எடுத்து வருவதும், நரம்பு முனையிலிருந்து செய்தி கொண்டுவருவதும் அதன் வேலை. டைனீனுக்குத் துணைநிற்கும் டைனாக்டின் புரதத்தில் ஏற்பட்ட மாற்றம் ஒரு குடும்பத்தில் இயக்க நரம்பு நோயைக் கொண்டுவந்ததாக 2003-இலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒரு பாடவேளை முழுவதும் இதற்கே கொடுக்கலாம். பாடத்திட்டத்தில் இடமில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியாயிற்று. குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் அக்காவிடம் இன்று நல்ல கணவாய். கழுவி, உடலைக் கீறி விரித்துப் பார்த்தேன். சதையின் உள்பக்கம், மேலே இரு ஓரத்திலும் விசிறிபோல் விரியும் நரம்பு முடிச்சுகள் உண்டு. அங்கிருந்து கிளம்பும் ராட்சத ஆக்ஸான் சில கணவாய் இனங்களில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்கும். நம்முடைய ஆக்ஸான்களின் தடிமன் மைக்ரோமீட்டர் கணக்குதான்.

கினீசின் முதன்முதலில் கிடைத்ததும் கணவாயிலிருந்துதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வுட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரின் ஆய்வுக்கூடத்தில், கணவாய் ஆக்ஸானை அழுத்தி உள்ளிருக்கும் கூழை வெளியே எடுத்தார்கள். செல்லின் உறையே இல்லாத அந்தக் கூழில் துகள்கள் தொடர்ந்து நகர்வதை வீடியோ நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எது நகர்த்துகிறது என்று தேடி, 1985-இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தார்கள். வேலுக்கும் ஷீட்ஸுக்கும் 2012-இல் ஜேம்ஸ் ஸ்பூடிச்சுடன் சேர்த்து, மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. கணவாயின் நரம்புக்குள் என்ன நடக்கிறது என்ற ஆசையில் தொடங்கிய வேலை அது. அவர்கள் அன்று அதைத் தேடாமல் இருந்திருந்தால் மாமாவின் அறிக்கையில் அந்த வரி இருந்திருக்காது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை சுக்குக் காப்பி போட்டார். கை இரண்டும் நல்லாத்தானே இருக்கு, காலுக்கு மட்டும் ஏன் என்று மாமா கேட்டார். கைக்கு வேலை சொல்லும் ஆக்ஸான் கழுத்தளவில் நின்றுவிடும், காலுக்கானது அதைவிட நீளம், தூரம் கூடக்கூட சரக்கு போய்ச் சேருவதும் கஷ்டம், அடிமுனைதான் முதலில் வாடும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப பேச்சிப்பாறைத் தண்ணி கடைமடைக்கு எட்டாத கதைதான் மக்ளே.”

அதுவேதான். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு கேள்வியும் கேட்டார். மரபணுவுக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து வந்த நல்ல பிரதி ஒன்று இருக்கிறதே, அது போதாதா? இரண்டு புரத இழைகள் ஜோடி சேர்ந்துதான் ஒரு கினீசின் ஆகிறது, அதற்கு இரண்டு தலை இருப்பது அதனால்தான். கெட்டது ஒன்று நல்லதோடு ஜோடி சேர்ந்தால், சில மாற்றங்களில் அந்த ஜோடியே தடுமாறுகிறது. எது எப்படியானாலும் மாமா செய்த வேலைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. அதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன்.

ஆகஸ்ட் 16, சனி

மாமா மகள் இரவு பதினொன்றுக்கு மேல் செய்தி அனுப்பினாள். “மைனி, கிஃப்-5ஏன்னு தேடினா ஏ.எல்.எஸ்.னு வருது. அப்பாவுக்கு அதுதானா?” ஏ.எல்.எஸ். என்பது இயக்க நரம்புகள் வேகமாகச் சிதைந்து உயிரையே பறிக்கும் நோய். உடனே போன் போட்டேன்.

அவள் படித்தது பொய்யில்லை. 2018-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதே மரபணுவை ஏ.எல்.எஸ். நோயுடன் தொடர்புபடுத்தின. ஆனால் அந்த மாற்றங்கள் புரதத்தின் வால் பகுதியில். சரக்கில்லாத நேரத்தில் கினீசின் தன் வாலை மடித்துத் தலையில் வைத்துத் தன்னை நிறுத்திக்கொள்ளும். வால் கெட்டுப்போனால் நிறுத்த முடியாது, சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்ஸானின் முனைகளில் அது குவிந்து கிடப்பதை 2022-இல் வந்த ஆய்வுகள் காட்டின. மாமாவின் அறிக்கையில் மாற்றம் இருப்பது தலையில், நுண்குழலைப் பிடிக்கும் பகுதியில். அங்கே வரும் கோளாறு பெரும்பாலும் கால் விறைப்பாகவும், சிலருக்குப் பாதத்தில் மரத்துப்போவதாகவும் தெரியும், பல வருடம் மெதுவாகவே கூடும். 2002-இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்த வகைதான். அறிக்கையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, மாற்றம் எந்த இடத்தில் என்பதை அவளையே படிக்க வைத்தேன். அப்புறம்தான் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

மோட்டார் நன்றாக இருந்து பாதை கெட்டாலும் சரக்கு நிற்கும். முற்றத்தில் நிற்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நுண்குழல்களைச் சேரவிடாமல் செய்து புற்றுசெல் பிரிவதைத் தடுக்கிறது. அதே மருந்து ஆக்ஸானின் நுண்குழல்களையும் பாதிப்பதால்தான் அதை ஏற்றிக்கொண்டவர்களுக்கு விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகின்றன. அல்சைமரில் டௌ என்ற புரதம் நுண்குழலை விட்டுக் கழன்று செல்லுக்குள் கட்டிதட்டுகிறது. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு அது வேண்டாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். அத்தைக்குப் பயம், வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று. மறைக்கக் கூடாது என்பதே என் எண்ணம், அத்தையிடமும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் எந்த வயதில், எவ்வளவு கடுமையாக என்பது ஒரே வீட்டுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாறும். கல்யாணத்துக்குப் பிறகு தெரியவந்தால் நோயைவிட ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சுதான் அவளைத் துரத்தும். ஆனால் சோதனை செய்வதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். வயது இருபத்திரண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்காகவோ எங்களுக்காகவோ ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை.

நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. மாமாவுக்கு விறைப்பைக் குறைக்க பேக்ளோஃபென், காலையும் மாலையும் தசையை நீட்டும் பயிற்சி. பயிற்சியை ஒரு நாள் விட்டாலும் மறுநாள் படியேறும்போது தெரிகிறது என்கிறார். “நரம்புக்கு பலம்” என்று யாரோ விற்ற டானிக் பாட்டில்களை அத்தையே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

ஓணம் கழிந்து திருவனந்தபுரத்தில் மரபணு ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். அம்மாவும் வருகிறார். ஆச்சியின் மகள் என்பதால் அவருக்கும் அந்தப் பாதி வாய்ப்பு உண்டு, எனக்கும் அதில் பாதி. அம்மாவுக்கு எழுபது ஆகப்போகிறது, நடையில் ஒரு குறையும் இல்லை. அப்படியிருந்தும் சோதனை தேவையா என்பதுதான் நான் எழுதி வைத்திருக்கும் முதல் கேள்வி.