ஏகாரத்துக்குக் கால் போட்டவர் ஊரில்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு வருவதாக நேர்ந்திருந்தேன். திருமானூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். வந்த பஸ்ஸின் போர்டை என்னைக் கேட்காமல் அம்மாவே எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஏ... லாக்... குறிச்சி. ஏகாரத்துக்குக் கால் கூடத் தெரியுதுடா!"

ஏ எழுத்தின் அடியில் இழுக்கிற கோட்டைக் கால் என்பது தாத்தாவின் பேச்சு. அம்மாவின் அப்பா ஒரு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளியில் வாத்தியார். அந்த ஊர்க் கோவிலுக்கு உபதேசியாரும் அவரேதான். விடியற்காலையில் கோவில் மணி, காலையில் பள்ளிக்கூட மணி, இரண்டையும் அடித்தது ஒரே கை. சாமியார், அதாவது பாதிரியார், மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வதும், சாவு வீட்டில் முன்னால் நின்று செபமாலை தொடங்குவதும் தாத்தாதான். சிலேட்டில் யாராவது ஏகாரத்துக்குக் கால் போடாமல் விட்டால், "கால் இல்லாம அது எப்படி நடந்து வீட்டுக்குப் போகும்?" என்று காதைத் திருகுவாராம்.

அந்தக் காலைப் போட்டவர் இருந்த ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று இன்னொரு பெயர் உண்டு. 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து வீரமாமுனிவர் ஆன பெஸ்கி பாதிரியாரின் ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். கோவிலில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அரியலூர் மழவராயர் கதை. அரசருக்கு ராஜபிளவை என்ற கொடிய கட்டி வந்து வைத்தியர்கள் கைவிட்டபோது, முனிவர் மாதாவை வேண்டி இந்த ஊர் மண்ணைக் குழைத்துப் பூசினார், கட்டி ஆறியது, அரசர் கோவிலுக்கு நிலம் எழுதி வைத்தார். அம்மா கேட்டுக்கொண்டே கொஞ்சம் மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் போடாமல் இருந்தால் சரி.

எனக்கென்னவோ, அந்த அற்புதத்தைவிட முனிவர் இங்கே வேதியர்களுக்காக நடத்திய பள்ளிக்கூடம்தான் பெரிதாகப் படுகிறது. வேதியர் என்றால் உபதேசியார். அந்தக் காலத்தில் ஒரு குருவானவருக்குப் பல ஊர்கள். ஒரு ஊருக்கு வந்து போனால் மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. நடுவில் அந்த ஊர் விசுவாசம் ஓர் உபதேசியாரின் நாக்கில் இருந்தது. அவர் படிக்கத் தெரிந்தவராக, நாலு பேர் முன் தமிழ் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதனால் இங்கே மறைக்கல்வியோடு தமிழும் பாடமானது. சொற்களுக்குப் பொருள் சொல்லும் நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்த காலத்தில், சொல்லைத் தேடி எடுக்கிற மாதிரி பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதியாகச் சதுரகராதி தொகுத்தார். அது 1732இல். பாடம் நடத்துகிறவனின் புத்தி அது.

ஏகாரத்தின் கால் விஷயமும் அப்படித்தான். பழைய வழக்கப்படி எ, ஒ இரண்டும் குறிலாக இருந்தால் மேலே புள்ளி வைக்க வேண்டும், நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். பலர் வைக்காமலே விட்டார்கள். அப்புறம் எது குறில், எது நெடில் என்பது படிக்கிறவன் பாடு. வீரமாமுனிவர் நெடிலுக்கே தனி அடையாளம் கொடுத்தார். ஏகாரத்துக்குக் கால், ஓகாரத்துக்குச் சுழி, கே, கோ போன்ற எழுத்துகளின் கொம்புக்கு மேலே ஒரு சுழிப்பு.

அவருக்குப் பின்னால் வந்தது நல்ல காலம் இல்லை. 1773இல் அவர் சேர்ந்திருந்த சேசு சபையே கலைக்கப்பட்டது. சபையார் இந்தப் பகுதியில் மறைப்பணி செய்த மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1844இல் நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரியைத் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு மாற்றினார்கள். 1854இல் வெள்ளைக்கார அரசு தனியார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கும் கொள்கையை அறிவித்த பிறகு, கோவிலை ஒட்டிய ஓட்டுக் கொட்டகைகள் ரிஜிஸ்டரும் இன்ஸ்பெக்டரும் உள்ள பள்ளிகளாக மாறத் தொடங்கின. தாத்தாவின் ஆர்.சி. பள்ளி அந்த வழியில் வந்ததுதான். கல்லூரிகளுக்கு நினைவு மலர்கள், ஆண்டு விழாக்கள் எல்லாம் உண்டு. கோவில் பள்ளிக்கூடத்துக்கும் அதன் வாத்தியாருக்கும் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை மிஞ்சினால் பெரிது என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

பூசை முடிந்து குளத்தடிக்கு வந்தோம். தண்ணீருக்கு நடுவே 53 அடி உயர மாதா சுரூபம். செபமாலையின் 53 மணிகளுக்காக அந்த உயரம் என்கிறார்கள். அம்மா படியில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தார். "அருள் நிறைந்த மரியே" என்று அவர் தொடங்கியதும் எனக்கு ஒன்று உறைத்தது. மரியே, ஆண்டவரே, தாயே: கூப்பிடுகிற சொல்லெல்லாம் ஏகாரத்தில்தான் முடிகிறது. சேசுவே என்று எழுதிய ஓலையை எத்தனை உபதேசியார்கள் தடுமாறிப் படித்திருப்பார்கள்!

செபமாலை முடிந்ததும் மன்றாட்டு எழுத ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வருடக்கணக்கில் எழுதாத கையால் 'அடைக்கல மாதாவே' என்று எழுதினார். நிறுத்தி, சீட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கொம்பின் மேல் சுழிப்பு விட்டுப்போயிருந்தது. பேனாவைத் திரும்ப வாங்கி அதைப் போட்ட பிறகுதான் மடித்தார்.